பதிவு செய்யும்போது மட்டும் ரேடியோ ஸ்கேனர் அணைந்து எழுகிறதா? கோளாறு மின்சாரத்திலா, மெமரி கார்டிலா என்று கண்டறியும் முறை

[திரையில்: கையடக்க ஸ்கேனர். பதிவுக் குறி ஒளிர்கிறது. சில விநாடிகளில் திரை இருண்டு, தொடக்கச் சின்னம் மீண்டும் தோன்றுகிறது.]

நேயர்களுக்கு வணக்கம். வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கும் வரை ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிற ரேடியோ ஸ்கேனர், அதாவது பல அலைவரிசைகளை மாறிமாறித் தேடிக் கேட்கும் கருவி, பதிவைத் தொடங்கியதும் தானாக அணைந்து எழுந்து வருகிறது என்றால், கருவியே போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். சர்வதேச விண்வெளி நிலையம் மதுரை வானத்தை ஒருமுறை கடக்க ஏறத்தாழ பத்து நிமிடங்களே ஆகும். அதன் 145.800 மெகாஹெர்ட்ஸ் குரலைப் பிடிக்க மொட்டை மாடியில் காத்திருப்பவருக்கு, அந்த நேரத்தில் இரண்டு மறுதொடக்கம் என்பது பெரிய இழப்பு. ஆகவே இதை முன்கூட்டியே, வீட்டிலேயே சோதித்துச் சரிசெய்துகொள்வது நல்லது. ஹாம் எனப்படும் பொழுதுபோக்கு வானொலியாளர்களின் அலைவரிசைகளையும் பொது ஒலிபரப்புகளையும் மனத்தில் வைத்தே இதைச் சொல்கிறேன். காவல்துறை வயர்லெஸ்ஸை ஒட்டுக்கேட்பதற்கு இந்த வீடியோ உதவாது.

பதிவு தொடங்கும்போது கருவிக்குள் புதிதாக இரண்டு வேலைகள் சேர்கின்றன. ஒன்று, மெமரி கார்டில் எழுதுவதற்காகக் கூடுதல் மின்னோட்டம் தேவைப்படுகிறது. எழுதும் கணங்களில் கார்டு மட்டுமே 100 மில்லிஆம்பியர் வரையிலும், அதிவேக நிலையில் 200 வரையிலும் இழுக்கலாம். மற்றொன்று, உள்ளிருக்கும் நிரல், கார்டு "எழுதிவிட்டேன்" என்று பதில் தரும் வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. இவ்விரண்டுக்கும் தனித்தனியாகக் காவல் உண்டு. மின்னழுத்தம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் சிப் தன்னைத்தானே மறுதொடக்கம் செய்துகொள்ளும். நிரல் நெடுநேரம் சிக்கி நின்றால் வாட்ச்டாக் எனப்படும் கடிகாரம் அதைத் தட்டி எழுப்பிவிடும். வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். அதனால் "என்ன நடந்தது" என்று பார்ப்பதைவிட, "எந்தக் கணத்தில் நடந்தது" என்று பார்ப்பதுதான் பயன் தரும்.

ஒலி உரக்கப் பாயும்போதோ, பின்விளக்கு எரியும்போதோ, பேட்டரி பாதிக்குக் கீழே இறங்கிய பிறகோ கருவி அணைந்தால், சந்தேகம் மின்சாரத்தின் மேல்தான் விழ வேண்டும். மாறாக, ஒரு பேச்சு முடிந்து கோப்பு மூடப்படும்போதோ அடுத்த கோப்பு திறக்கப்படும்போதோ, திரை ஓரிரு விநாடி உறைந்து நின்று பிறகு அணைந்தால், கார்டைத்தான் பார்க்க வேண்டும். உறைந்து நிற்பதுதான் முக்கியமான தடயம். மின்குறைவு அப்படிக் காத்திருப்பதில்லை, நொடியில் விழுத்தாட்டிவிடும்.

சோதிப்பதற்கு, எப்போதாவது மட்டும் பேச்சு வரும் ஹாம் அலைவரிசையை நம்பிக் காத்திருக்கத் தேவையில்லை. உங்கள் ஸ்கேனர் 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை எடுக்குமானால், 100.5-இல் கோடைப் பண்பலையை வையுங்கள். கொடைக்கானல் மலையிலிருந்து வரும் அந்த ஒலிபரப்பு மதுரையில் பல இடங்களில் தெளிவாகக் கேட்கும். இடைவிடாத ஒலி என்பதால் கார்டும் இடைவிடாமல் எழுதும். அரை மணி நேரம் பதிவை ஓடவிட்டு, ஒலியளவையும் பின்விளக்கையும் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். குறைத்ததும் மறுதொடக்கம் நின்றுவிட்டால், பாதிக் கண்டுபிடிப்பு முடிந்தது.

[திரையில்: மல்டிமீட்டரின் முனைகள் பேட்டரி அறையின் இரு கோடிகளைத் தொடுகின்றன.]

இப்போது மல்டிமீட்டர். செல்லைக் கழற்றி வெளியே வைத்து அளப்பதால் ஒன்றும் தெரியாது. சுமை இல்லாதபோது வயதான செல்லும் நல்ல செல்லைப் போலவே எண் காட்டும். கருவி ஓடி, பதிவும் நடந்துகொண்டிருக்கும்போதுதான் அளக்க வேண்டும். மல்டிமீட்டரில் மிகக்குறைந்த மதிப்பைப் பிடித்து வைக்கும் வசதி இருந்தால் அதைப் போடுங்கள், ஏனென்றால் அந்தச் சரிவு கண்ணுக்குப் படாத வேகத்தில் வந்து போகும். பதிவு தொடங்கியதும் எண் சட்டென்று இறங்கினால், செல்லின் உள்தடை ஏறியிருக்கலாம். அல்லது தொடுமுனை ஸ்பிரிங்கில் பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கலாம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தாலே சில கருவிகள் சரியாகிவிடும்.

யுஎஸ்பி கேபிளில் ஓட்டுபவர்கள் பெரும்பாலும் சார்ஜரைத்தான் திட்டுகிறார்கள். என் பார்வையில் முதலில் பார்க்க வேண்டியது கேபிளைத்தான். கணக்கைப் பாருங்கள். மலிவுக் கேபிள்களில் பரவலாக இருக்கும் 28 கேஜ் (கேஜ் என்பது கம்பித் தடிமனின் அளவு) செப்புக்கம்பிக்கு மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம் மின்தடை. இரண்டு மீட்டர் கேபிளில் மின்சாரம் போவதற்கு இரண்டு, திரும்புவதற்கு இரண்டு என நான்கு மீட்டர், ஆக 0.85 ஓம். அதில் அரை ஆம்பியர் பாய்ந்தால் 0.43 வோல்ட் வழியிலேயே தொலைந்து, 5 வோல்ட் என்று கிளம்பியது 4.57 ஆகத்தான் கருவிக்கு வந்து சேரும். அதே நீளத்தில் 24 கேஜ் கம்பி என்றால் இழப்பு 0.17 வோல்ட்தான். டவுன்ஹால் ரோட்டிலோ வேறெங்கோ கேபிள் வாங்கும்போது, மேலுறை தடிமனாக இருக்கிறது என்று ஏமாற வேண்டாம். உறைக்குள் கம்பி நூல்போல இருக்கக்கூடும். உறைமேல் கேஜ் அச்சிட்டிருந்தால் படியுங்கள். எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும். எப்படியும் நீளம் குறைந்ததே நல்லது.

ராஸ்பெர்ரி பை கணினியோடு யுஎஸ்பி ரிசீவரை மாட்டி ஸ்கேனராக வைத்திருப்பவர்களுக்கும் இதே கணக்குதான். மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் திரையின் மூலையில் மின்னல் குறி தோன்றும். அதை அலட்சியம் செய்ய வேண்டாம்.

இனி கார்டு. "வேகமான கார்டு வாங்குங்கள்" என்ற அறிவுரையை எங்கும் கேட்கலாம். குரல் பதிவைப் பொறுத்தவரை அது பொருந்தாது. விநாடிக்கு 8,000 மாதிரிகள், மாதிரிக்கு 16 பிட் என்ற அளவில் வரும் ஒலி, விநாடிக்கு 16 கிலோபைட்தான். கிளாஸ் 10 கார்டோ விநாடிக்கு 10 மெகாபைட் எழுதுவதற்கென்று உறுதி தருவது. வேகம் இங்கே சிக்கலே இல்லை. இடையில் கார்டு மூச்சு வாங்குவதுதான் சிக்கல். உள்ளே பழைய பகுதிகளை அழித்து ஒழுங்குபடுத்தும்போது, 32 ஜிபி வரையிலான கார்டு கால் விநாடி வரை பதில் சொல்லாமல் இருக்க எஸ்டி கார்டுகளுக்கான தரவிதியே இடம் தருகிறது. தேய்ந்த கார்டும் போலிக் கார்டும் அதைத் தாண்டிவிடும். அப்போதுதான் வாட்ச்டாக் குறுக்கிடும்.

ஸ்குவெல்ச், அதாவது பேச்சு வராதபோது இரைச்சலை அடக்கி வைக்கும் வசதி, திறக்கும்போதெல்லாம் ஒரு சிறு கோப்பு என்று பதிவு செய்யும் கருவிகளில், ஒரே கோப்புறையில் ஆயிரக்கணக்கான கோப்புகள் சேர்ந்துவிடுகின்றன. ஃபேட்32 எனும், கார்டில் கோப்புகளை அடுக்கும் முறையில் புதுப் பெயரைச் சேர்க்கும் முன் கோப்புறைப் பட்டியலை வரிசையாகத் தேட வேண்டியிருப்பதால், பட்டியல் நீளநீளத் தாமதமும் கூடும். வாரம் ஒருமுறை பழைய பதிவுகளைக் கணினிக்கு மாற்றிவிடுவது, புதுக் கார்டு வாங்குவதைவிட மலிவான வைத்தியம்.

மின்சாரத்தைச் சரிசெய்யாமல் கார்டைத் தொடக்கூடாது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. எழுதும் நடுவில் மின்சாரம் அறுந்தால் கோப்புப் பட்டியல் சிதையும். சிதைந்த பட்டியல் அடுத்த முறை நிரலைச் சிக்க வைக்கும். இப்படி மின்குறைவாகத் தொடங்கியது கார்டுக் கோளாறாகவும் வேஷம் கட்டும். ஆகவே மின்சாரம் உறுதியான பிறகு, கார்டில் உள்ள அனைத்தையும் கணினிக்கு நகலெடுங்கள். பல ஸ்கேனர்கள் அலைவரிசைப் பட்டியலையும் அதே கார்டில்தான் வைத்திருக்கும். அதன்பின் எச்2டெஸ்ட்டபிள்யூ போன்ற மென்பொருளால் கார்டை முழுதும் எழுதிப் படித்துச் சோதித்து, எஸ்டி கார்டுகளின் தரத்தை வகுக்கும் எஸ்டி அசோசியேஷன் இலவசமாகத் தரும் ஃபார்மேட்டரால் வடிவமையுங்கள். ஃபேட்32 மட்டும் அறிந்த ஸ்கேனரானால் 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டு வேண்டாம்.

கணினியில் முழு அலைக்கற்றையையும் பதிவு செய்வோருக்கு ஒரு தனிக்குறிப்பு. விநாடிக்கு 24 லட்சம் மாதிரிகள், மாதிரிக்கு இரண்டு பைட் என்றால் விநாடிக்கு 4.8 மெகாபைட். ஃபேட்32-இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது என்பதால், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 15-ஆம் நிமிடத்தில் பதிவு நின்றுபோகும். இப்படிக் கடிகாரம் வைத்ததுபோல் நின்றால், கோளாறு எதுவும் இல்லை. எக்ஸ்ஃபேட் எனும் மாற்றுக் கோப்பு முறைக்கு மாறினால் போதும்.

[திரையில்: பூஜ்யம் விநாடி என்று காட்டும் ஒலிக்கோப்பு.]

அறுந்துபோன பதிவை மீட்கவும் பெரும்பாலும் வழி உண்டு. வேவ் எனும் ஒலிக்கோப்பின் தலைப்பகுதியில் ஒலியின் நீளம், பதிவு முடிந்து கோப்பு மூடப்படும்போதுதான் எழுதப்படும். அதனால் நடுவில் அணைந்த பதிவு, ஒலியை ஓட்டும் செயலியில் பூஜ்யம் விநாடி என்று காட்டினாலும், கோப்பின் அளவு பல மெகாபைட் இருந்தால் ஒலி உள்ளேதான் இருக்கிறது. ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் "மூலத்தரவு இறக்குமதி" வழியாகத் திறந்து, 16 பிட், ஒற்றைத் தடம், 8,000 ஹெர்ட்ஸ் என்று உங்கள் கருவியின் அளவுகளைக் கொடுத்தால் பேச்சு கேட்கும். தலைப்பகுதியின் 44 பைட் தொடக்கத்தில் ஒரு சிறு சொடுக்காக ஒலிக்கும், அதை வெட்டிவிடலாம். கோப்பின் அளவே பூஜ்யம் என்றால், கார்டின் முழு நகலை முதலில் எடுத்துக்கொண்டு, அந்த நகலின் மேல் மட்டும் விண்டோஸில் வட்டுப் பிழைகளைச் சரிபார்க்கும் செக்டிஸ்க்கை ஓட்டுங்கள். அது மீட்டெடுத்து சிஎச்கே என்ற பின்னொட்டோடு வைக்கும் துண்டுகளையும் இதே முறையில் திறந்து பார்க்கலாம்.