கதையை விட்டுவிட்டுப் பேசுவோம்

அனைவருக்கும் வணக்கம்.

சினிமா, சீரியல், காமிக்ஸ், கேம் என்று தாங்கள் ரசிப்பதைப் பற்றி எழுத ஆசைப்படுகிற இளைஞர்கள் நிறையப் பேர் வந்திருப்பதாகச் சொன்னார்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

இன்று நாம் படிக்கிற விமர்சனங்களில் பெரும்பாலானவை கதைச் சுருக்கங்கள். ஹீரோ யார், அவருக்கு என்ன சிக்கல், இடைவேளையில் என்ன திருப்பம், இரண்டாம் பாதி எங்கே தொய்கிறது. கடைசிப் பத்தியில் ஒளிப்பதிவு அருமை, பின்னணி இசை பலம், எடிட்டர் இன்னும் கொஞ்சம் கத்தரி போட்டிருக்கலாம் என்று ஆளுக்கு ஒரு வரி. அந்தக் கடைசிப் பத்தியை எடுத்துவிட்டால், பேசப்படுவது சினிமாவா தொடர்கதையா என்றே தெரியாது. ஒரு படைப்பு எதனால் ஆகியிருக்கிறதோ அதைப் பேசாமல், அதிலிருந்து உருவி எடுத்த கதையை மட்டும் பேசுகிறோம். இது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. இன்றைக்கு நான் பேச வந்தது இந்த ஒன்றைப் பற்றித்தான்.

உங்கள் எல்லோருக்கும் தெரிந்த படத்தை எடுத்துக்கொள்வோம். 1977இல் வந்த ‘16 வயதினிலே’. கதையாகச் சொன்னால் என்ன? டீச்சராக ஆசைப்படும் கிராமத்துப் பெண், ஊருக்கு வரும் படித்த டாக்டர், அவளை உயிராக நினைக்கும் வெகுளி ஒருவன், ஊர் ரவுடி ஒருவன். பட்டணத்து ஆளை நம்பி ஏமாறும் பெண்ணின் கதை அதற்கு முன்பும் தமிழில் உண்டு. புதிதாக இருந்தவை வேறு. ஸ்டுடியோ செட்டை விட்டு ஒளிப்பதிவாளர் நிவாஸின் கேமரா நிஜக் கிராமத்துக்குப் போனது. வெயில் வெயிலாகத் தெரிந்தது. அழகான காதல் நாயகனாகப் பார்த்துப் பழகிய கமல்ஹாசன், கோவணமும் வெற்றிலை வாயுமாகக் காலை இழுத்து இழுத்து நடந்தார். இளையராஜாவின் இசை அந்த ஊரின் காற்றோடு சேர்ந்து வந்தது. இவற்றை எழுதினால்தான், அந்தப் படம் ஏன் தமிழ் சினிமாவின் போக்கையே மாற்றியது என்று அதைப் பார்க்காதவருக்கும் புரியும்.

அந்தப் படத்துக்கு ஆனந்த விகடன் 62.5 மதிப்பெண் கொடுத்தது. படம் பார்க்கிற பழக்கம் உள்ள யாரைக் கேட்டாலும் இந்த எண்ணைச் சொல்வார்கள். அந்த விமர்சனத்தில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டால் பதில் வராது. எண்களில் எனக்கு இருக்கும் கவலை இதுதான். எழுத்தை எண் விழுங்கிவிடுகிறது. இன்றைக்கு உலகம் முழுக்க இதே கதைதான். ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் 95 சதவீதம் என்று வந்தால் படம் அவ்வளவு சிறப்பு என்று நினைத்துக்கொள்கிறோம். அந்த எண் சொல்வது, நூறு விமர்சகர்களில் 95 பேர் ‘பரவாயில்லை’ அல்லது அதற்கு மேல் சொன்னார்கள் என்பதை மட்டுமே. அந்த 95 பேரும் ‘பரவாயில்லை’ என்று சொல்லி நிறுத்தியிருந்தாலும் அதே 95 வரும். கேம் உலகத்தில் இது சம்பளம் வரைக்கும் போயிருக்கிறது. 2010இல் ‘ஃபால்அவுட்: நியூ வேகாஸ்’ என்ற கேமை உருவாக்கிய அப்சிடியன் நிறுவனத்துக்கு, விமர்சகர்கள் போடும் மதிப்பெண்களுக்குச் சராசரி எடுக்கும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் 85 மதிப்பெண் வந்தால் போனஸ் என்று ஒப்பந்தம். வந்தது 84. போனஸ் கிடைக்கவில்லை என்று அதில் பணியாற்றிய கிறிஸ் அவெலோன் 2012இல் வெளிப்படையாகச் சொன்னார். எங்கோ சில விமர்சகர்கள் ஆளுக்குக் கொஞ்சம் கூட்டிப் போட்டிருந்தால் கதை மாறியிருக்கும். நம் எழுத்தை மதிப்பெண் இல்லாமல் நிற்கிற மாதிரி எழுதிப் பழகுவது நல்லது. பத்திரிகை கேட்டால் எண்ணைக் கொடுங்கள், ஆனால் எழுதி முடித்த பிறகு கொடுங்கள்.

முதல் நாள் முதல் காட்சி பற்றி ஒரு வார்த்தை. 2024 நவம்பரில் தயாரிப்பாளர்கள், தியேட்டர் வளாகத்துக்குள் யூடியூப் சேனல்களை மைக்கோடு விட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். படம் வந்த முதல் மூன்று நாள் விமர்சனமே கூடாது என்று வழக்கும் போட்டார்கள். டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க மறுத்துவிட்டது. விமர்சனம் கருத்துரிமையில் அடங்கும் என்ற நீதிமன்றத்தின் நிலையே சரி என்று நான் நினைக்கிறேன். காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவர் வாசலில் நின்று பிடித்தது, பிடிக்கவில்லை என்று சொல்ல எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. நடிகரின் உடம்பையும் நிறத்தையும் கேலி செய்வது மட்டும் எந்த நாளில் செய்தாலும் விமர்சனம் ஆகாது.

அப்புறம் சீரியல். படித்தவர்கள் கூடுகிற இடத்தில் சீரியல் என்று சொன்னாலே ஒரு சிரிப்பு வருகிறது. இழுக்கிறார்கள், சொன்னதையே சொல்கிறார்கள் என்பார்கள். சரி, ஏன் சொன்னதையே சொல்கிறார்கள் என்று யோசித்திருக்கிறோமா? சீரியலைப் பார்ப்பவர்களில் பாதிப் பேர் அந்த நேரத்தில் அடுப்படியில் இருக்கிறார்கள். குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறார்கள், துணி மடிக்கிறார்கள். கண் திரையில் இருக்காது, காது மட்டும் இருக்கும். அதனால்தான் பாத்திரங்கள் ஒருவரை ஒருவர் உறவுமுறையோடு கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நேற்று நடந்ததை இன்று ஒருவர் இன்னொருவரிடம் எடுத்துச் சொல்கிறார். ஒரு முறைப்புக்கு மூன்று முறை இடி இடிக்கிறது. காதால் தொடர்வதற்கென்று கட்டப்பட்ட வடிவம் அது. அதை இரண்டரை மணி நேர சினிமாவின் அளவுகோலால் அளந்தால் தோற்கத்தான் செய்யும். 2002 முதல் 2005 வரை ‘மெட்டி ஒலி’ ஓடியது. ஐந்து பெண்களைப் பெற்ற ஒரு தந்தையின் கதை. 811 பகுதிகள். மூன்று வருடம் தினமும் நம் வீட்டுக்குள் வந்துபோன மனிதர்கள் என்பதால், ஒரு மகளுக்குப் புகுந்த வீட்டில் நேர்ந்த அவமானம் பக்கத்து வீட்டில் நடந்ததைப் போலவே பேசப்பட்டது. காலம்தான் அந்த வடிவத்தின் மூலப்பொருள். அதைச் சொல்லிவிட்டு, அப்புறம் கடுமையாகவும் எழுதுங்கள். அவ்வளவு காலம் தினமும் வீட்டுக்குள் வந்து, அடி வாங்கிக்கொண்டு பொறுத்துப் போகிறவளே நல்ல பெண் என்று காட்டினால், அதன் பாதிப்பு ஒரு சினிமாவின் பாதிப்பைவிடப் பல மடங்கு. நாம் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவதால் அந்தக் கேள்வியைக் கேட்பதற்கே ஆள் இல்லாமல் போகிறது.

காமிக்ஸுக்கு வருவோம். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழ் வந்தது, ‘இரும்புக்கை மாயாவி’. 1962இல் இங்கிலாந்தின் ‘வேலியன்ட்’ வார இதழில் தொடங்கிய தொடர் அது. வரைந்தவர் பார்சிலோனாவைச் சேர்ந்த ஹெசூஸ் பிளாஸ்கோ. மின்சாரம் பாய்ந்தால் நாயகனின் உடல் மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் தெரியும். இதை வாயால் சொன்னால் ஒரு மாயாஜாலக் கதை, அவ்வளவுதான். பக்கத்தைத் திறந்து பாருங்கள். காலியான அறை, கறுப்பு மையில் கனத்த நிழல், நடுவே ஒரு கை மட்டும் கதவுப் பிடியைத் திருகுகிறது. மீதி உடலை நம் கண்தான் வரைந்துகொள்கிறது. ஓவியர் வரையாமல் விட்ட இடத்தில்தான் கதாநாயகன் நிற்கிறார். தமிழ்நாட்டில் இரண்டு தலைமுறைப் பையன்கள் ஏன் அந்தப் புத்தகத்தைப் பாடப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்தார்கள் என்பதற்கு விடை அந்தச் சித்திரத்தில் இருக்கிறது, கதையில் இல்லை.

இன்னொரு உதாரணம். 1986–87இல் பன்னிரண்டு இதழ்களாக வந்த ‘வாட்ச்மென்’. ஆலன் மூர் எழுதி டேவ் கிப்பன்ஸ் வரைந்தது. அதன் ஐந்தாவது இதழில் பக்கங்களின் கட்ட அமைப்பு கண்ணாடியில் பார்த்தது போல இருக்கும். முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் ஒரே அமைப்பு, இரண்டாவதும் கடைசிக்கு முந்தையதும் ஒரே அமைப்பு. இப்படியே உள்ளே வந்து நடுப்பக்கத்தில் இரண்டு பாதிகளும் சந்திக்கும். கதைச் சுருக்கத்தில் இதற்கு இடமே இல்லை. ஆனால் அந்த இதழின் உயிர் இதுதான்.

இங்கே ஒரு நல்ல செய்தியும் சொல்ல வேண்டும். நம் காமிக்ஸ் வாசகர்களுக்கு இந்தக் கண் முன்பே உண்டு. முத்து, லயன் இதழ்களுக்கு அவர்கள் எழுதும் கடிதங்களைப் படித்துப் பாருங்கள். அச்சு மங்கியது, வசனத்தின் எழுத்து சிறிதாகிவிட்டது, இந்த ஓவியரின் கோடு முந்தையவரைப் போல இல்லை, அந்தக் கதைக்குக் கறுப்பு வெள்ளையே போதும் என்றெல்லாம் சண்டை போடுவார்கள். விமர்சகர் என்று அவர்களை யாரும் அழைத்ததில்லை. பத்திரிகை விமர்சனங்களில் நான் தேடுகிற பார்வையை அந்தக் கடிதங்களில்தான் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, நம்மிடம் ஆளே இல்லாத துறை, கேம். தமிழில் கேம் பற்றி வருகிற எழுத்தெல்லாம் இரண்டே வகை. ஒன்று, பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்ற கவலை. இன்னொன்று, ஆன்லைன் சூதாட்டத்தில் பணம் போன செய்தி. இரண்டும் தேவைதான். ஆனால் ஒரு கேமை முழுக்க ஆடிவிட்டு, இது நல்ல படைப்பா என்று கேட்டு எழுதியவர் எத்தனை பேர்?

அமெரிக்காவின் புகழ்பெற்ற சினிமா விமர்சகர் ரோஜர் ஈபர்ட், வீடியோ கேம் ஒருநாளும் கலை ஆகாது என்று 2010 ஏப்ரலில் எழுதினார். ஆயிரக்கணக்கில் எதிர்ப்பு வந்தது. ஜூலையில் அவரே, ஆடிப் பார்க்காத ஒன்றைப் பற்றி நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று எழுதினார். ஐம்பது வருடம் படம் பார்த்த கண்ணுக்கு மரியாதை உண்டு. ஆனால் கேமைக் கண்ணால் மட்டும் பார்த்து முடிவு சொல்ல முடியாது. கேம் விதிகளால் ஆனது, அந்த விதிகளுக்குள் நம் கை செய்வதால் ஆனது.

லூகஸ் போப் என்ற ஒற்றை ஆள் உருவாக்கி 2013இல் வெளியிட்ட ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’ கேமைப் பாருங்கள். கற்பனை நாடு ஒன்றின் எல்லைச் சாவடியில் நீங்கள் அதிகாரி. வருகிறவர்களின் தாள்களைச் சரிபார்த்து முத்திரை குத்த வேண்டும். எத்தனை பேரை முடிக்கிறீர்களோ அத்தனை பேருக்குக் கூலி. அந்தப் பணத்தில்தான் வீட்டு வாடகை, சாப்பாடு, குளிருக்குக் கணப்பு. ஒருநாள் ஒரு கணவன் வருகிறான். அவன் தாள்கள் சரியாக இருக்கின்றன. பின்னால் என் மனைவி வருகிறாள், அவளிடம் கொஞ்சம் கருணை காட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறான். அவளிடம் அனுமதிச் சீட்டு இல்லை. விட்டால் உங்களுக்கு எச்சரிக்கை வரும். ஒரு நாளில் முதல் இரண்டு தவறுகளுக்கு அபராதம் கிடையாது, மூன்றாவதிலிருந்து கூலியில் பிடிப்பார்கள். அந்தக் கணம் ஆடுகிறவர் என்ன செய்வார் தெரியுமா? இன்றைக்கு நாம் எத்தனை தவறு செய்திருக்கிறோம் என்று மனதுக்குள் எண்ணிப் பார்ப்பார். இரக்கத்துக்கு ஒரு ஒதுக்கீடு போட்டுக்கொண்டு வேலை செய்கிற அதிகாரியாக நம்மையே மாற்றிவிடுகிறது அந்த விதி. நாவலில் இப்படி ஒருவரைப் பற்றிப் படிக்கலாம். அவராகவே இருந்து முத்திரையைக் கையில் பிடிப்பது கேமில்தான் நடக்கும். இதன் கதை ஒரு பத்தியில் முடிந்துவிடும். ஆனால் அந்த அபராத விதி எப்படி வேலை செய்கிறது என்று எழுதத்தான் பக்கங்கள் வேண்டும்.

இதே கண்ணோடு நம் வீட்டுக் கேமுக்கு வாருங்கள். 2023இல் கனடாவின் டொரான்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் வெளியிட்ட ‘வெண்பா’. 1980களில் கனடாவுக்குக் குடிபோன தமிழ்த் தம்பதி வெண்பாவும் பாவலனும், அவர்கள் மகன் கவின். 2024இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக கேம் என்ற விருதை வாங்கியது. புலம்பெயர்ந்த குடும்பத்தின் கதை, மனதைத் தொடுகிறது என்று எழுதிவிடலாம். அப்படி எழுதினால் பாதிகூட எழுதியதாக ஆகாது.

அந்த கேமில் நாம் செய்வது சமையல். அம்மா எழுதிக் கொடுத்த சமையல் குறிப்புப் புத்தகம் வெண்பாவிடம் இருக்கிறது. பக்கங்கள் கிழிந்திருக்கின்றன, மை அழிந்திருக்கிறது. முதலில் இட்லி. தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி ஒழுங்காக ஏறும் என்பதை விட்டுப்போன வரிகளுக்கு நடுவிலிருந்து நாமே கண்டுபிடிக்க வேண்டும். இங்கேதான் நம் விமர்சகர் பேச வேண்டும். இட்லி பார்த்தே இராதவர் அந்தக் கட்டத்தைப் புதிராக ஆடுவார். நம் வீட்டில் வளர்ந்தவருக்கு இட்லிக் குண்டானின் மூடியைத் திறந்த ஞாபகம் கையில் இருக்கிறது, அதனால் அழிந்த வரியை யோசிக்காமலே நிரப்புவார். அடுத்து புட்டு. குமரிப் பக்கத்துப் பிள்ளைக்குச் சுலபமாக இருக்கும், மற்ற ஊர்க்காரர்களில் பலர் நின்று யோசிப்பார்கள். பின்னால் அதே புத்தகம், தமிழ் தடுமாறுகிற கவினின் கைக்கு வருகிறது. அப்போது நமக்கும் அவனுக்கும் இடையே தெரிந்ததும் தெரியாததுமாக ஒரு தூரம் உண்டாகிறது. அந்தத் தூரத்தை வசனம் சொல்லவில்லை, அடுப்பு முன்னால் நாம் செய்கிற வேலை சொல்கிறது.

குறையும் உண்டு. எதையாவது தவறாகச் செய்தால் மறுபடி முதலிலிருந்து செய்யலாம், அதற்கு எந்த விலையும் இல்லை. பணமும் நேரமும் முட்டுகிற ஒரு புலம்பெயர் குடும்பத்தின் சமையலறையில், வீணான மாவுக்கு ஒரு விலை இருந்திருந்தால் கேம் இன்னும் கனமாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது என்ற குறையை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தக் கதைக்கு அந்த அளவு சரி.

‘வெண்பா’ உங்களில் பலருடைய கணினியிலேயே ஓடும். வாங்கி ஆடிவிட்டு எழுதுங்கள். கதையைச் சொல்லாமல், கவின் சமைக்கிற அத்தியாயத்திலிருந்து தொடங்குங்கள். வீணான மாவு பற்றி நான் சொன்னது தவறு என்று தோன்றினால், எந்தச் சமையலில், எந்தப் படியில் தவறு என்று காட்டி எழுதுங்கள்.