மயிலிட்டிக் கிணறு இறைத்தாச்சு! (விலைக் கதையும் இருக்கிறது)

வணக்கம் எல்லாருக்கும். இன்றைக்கு எனக்கு வாயெல்லாம் பல்லுதான், யாழ்ப்பாணத்து மயிலிட்டியில் எங்கள் வீட்டுக் கிணறு இறைத்து முடித்தாச்சு! கூரை போட்ட வீடியோவிலிருந்து பார்த்து வருகிறவர்களுக்குத் தெரியும், போத்தல் தண்ணீரை நம்பிக் கிடப்பது எனக்கு எவ்வளவு எரிச்சல் என்று.

முதலில் விலைக் கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மனம் ஆறாது. முதலில் வந்த அண்ணை கிணற்றை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. என் தமிழைக் கேட்டார், சப்பாத்தைப் பார்த்தார், "கனடாவோ பிள்ளை?" என்றார், 65,000 ரூபாய் என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஸ்காபரோவில் வளர்ந்தவள்தான், அதற்காகக் கிணறும் கனடாக் கிணறு ஆகிவிடுமா? பிறகு பக்கத்து வளவு அன்ரி தெரிந்த ஆட்களைக் கூப்பிட்டு, "இது எங்கட ஊர்ப் பிள்ளை" என்று ஒரு வார்த்தைதான் சொன்னார், 24,000. மோட்டார், டீசல், கூலி எல்லாம் சேர்த்து. அதே கிணறு, அதே சேறு! இந்த வெளிநாட்டு விலையை நான் ஒருநாளும் ஒத்துக்கொள்ள மாட்டேன், திரும்பி வந்து குடியிருக்க நினைக்கிறவர்களை அதுதான் விரட்டும்.

ஆ, ஏன் இப்போது இறைத்தோம் என்று சொல்லவில்லையே. யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது, மழைத்தண்ணீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கித்தான் கிணற்றுக்கு வருகிறது. ஐப்பசி மழைக்கு முன்னால், தண்ணீர் அடியில் கிடக்கும்போதுதான் சேறு அள்ளலாம். எங்களுடையது கடற்கரைப் பக்கம் வேறு, அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்புத் தண்ணீர் ஏறிவிடும், அதனால் விட்டு விட்டுத்தான் மோட்டாரை ஓட்டினார்கள்.

புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு: அம்மா வீட்டார் 1990 ஜூனில் சண்டையால் இங்கிருந்து ஓடினவர்கள். மயிலிட்டித் துறைமுகமே இராணுவத்தின் கையிலிருந்து 2017 ஜூலையில்தான் விடுபட்டது, எங்கள் காணி அதற்கும் பிறகு. பலாலிப் பக்கம் இன்னும் காணி கிடைக்காமல் இருப்பவர்கள் உண்டு. கிடைத்த நாங்கள் பூட்டிப்போட்டுவிட்டு அங்கேயே இருப்பது சரியில்லை என்றுதான் நான் வந்தேன்.

சேற்றோடு ஓட்டு உடைசல், பனங்கொட்டை, துருப்பிடித்த கப்பி ஒன்று எல்லாம் வந்தன. அம்மாவுக்கு வீடியோ கோலில் காட்டினால், கப்பியை அவர் பார்க்கவே இல்லை, "கட்டின் கிழக்குப் பக்கத்தைக் காட்டு" என்கிறார். அங்கே இரண்டு விரல் வைக்கிற அளவுக்கு ஒரு பள்ளம். கப்பி போடுவதற்கு முன்னால் அம்மம்மா கையால் இழுத்த கயிறு உரசின தடமாம்! இத்தனை நாள் அதன்மேல் வாளியை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

குளோரின் போட்டிருக்கிறது, தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டுத்தான் குடிப்பேன். அடுத்த வீடியோ வேலி. தகரம் அடி என்று ஊரே சொல்கிறது, எனக்குத் தகர வேலியைக் கண்டாலே பிடிக்காது, பூவரசங் கதியால் நட்டுப் பனையோலைதான். ஓலை இப்போது என்ன விலை போகிறது என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள், விலையைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசப் போகிறேன்.