மவுஸ்ஸாக்கலைத் தண்ணீரும் லயத்துக் குப்பி விளக்கும்

வணக்கம் நேயர்களே.

இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும், கடும் வெயிலில் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் வற்றினால் பழைய டவுனின் கோவில் வெளியே தெரியும். நாட்டுக்குக் கரண்ட் வேண்டுமென்று 1960களின் கடைசியில் தண்ணீருக்குள் போன டவுன் அது. அந்தத் தண்ணீருக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன் நான். பதினான்கு வயது வரை குப்பி விளக்கில்தான் படித்தேன்.

மின்சாரம் அரசிடம் இருக்க வேண்டுமா, தனியாரிடமா என்று இன்று கேட்கிறார்கள். இரண்டு கையையும் தோட்டத்திலேயே பார்த்தவர்கள் நாங்கள். வெள்ளைக்காரக் கம்பனி இருந்தது. 1972லும் 1975லும் காணிச் சீர்திருத்தத்தில் அரசு எடுத்தது. 1992இல் நிர்வாகம் மறுபடியும் கம்பனிகளுக்குப் போனது. லயம் மட்டும் லயமாகவே கிடந்தது.

வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் எங்கள் ஆற்றில் ஒரு சின்ன டர்பைன் சுற்றியதாம். கரண்டெல்லாம் ஃபெக்டரிக்கு. லயத்துக்கு ஒரு பல்பு கூட வரவில்லை என்று தாத்தா சொல்வார். லாபக் கணக்கு அப்படித்தான் போடும்: மலைச்சரிவில் சிதறிக் கிடக்கும் லயங்களுக்குக் கம்பி இழுக்கச் செலவு அதிகம், அங்கே எரியும் அலகு குறைவு. ஆகவே பெரிய நீர்த்தேக்கங்களும் கம்பி வலையும் பொதுச்சொத்தாகவே இருக்க வேண்டும். பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இல் எடுத்துச் சொன்ன லக்சபான நீர்மின் திட்டம், 1950இல் பொதுப் பணத்தில்தான் ஓடத் தொடங்கியது. சிறு ஆறுகளில் தனியார் மின்சாரம் எடுத்து விற்கிறார்கள், 1996இலிருந்து. அது நடக்கட்டும்.

ஆனால் அரசிடம் இருந்துவிட்டால் போதுமா? முதல் 30 அலகுக்குள் எரிக்கும் வீட்டுக்கு ஓர் அலகு 2 ரூபா 50 சதமாக இருந்தது. 2022 ஆகஸ்டில் 8 ரூபா. 2023 பெப்ரவரியில் 30 ரூபா. ஆறு மாதத்தில் இவ்வளவு! அப்போதும் மின்சார சபை அரசுடையதுதான். நாட்கூலிக்காரர் வீட்டில் அந்த பில்லைப் பிரிக்கும்போது கை நடுங்கியது.

2024இன் 36ஆம் இலக்கச் சட்டம் சபையைப் பல கம்பனிகளாகப் பிரிக்க வழி திறந்தது. 2025இல் வந்த திருத்தம் அந்தக் கம்பனிகளை அரசின் கையில் வைத்தது. சரி, நல்லது. அப்புறம், லயத்துக்குக் கரண்ட் எடுக்கும் வழி? எங்கள் வீட்டுக்கு இணைப்புக் கேட்டபோது தோட்டத்துக் கடிதம் வேண்டுமென்றார்கள். காணி எங்கள் பெயரில் இல்லையே. அந்தக் கடிதத்துக்காக அப்பா காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டு முடிந்து ஆபீஸ் வாசலில் நின்ற நாட்கள் கொஞ்சமல்ல.

குடியிருப்பவர் யாரோ அவர் பெயருக்கே இணைப்பு என்று சட்டத்தில் எழுத வேண்டும். கட்டணத்தை மாற்றுவதற்கு முன் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மக்களின் கருத்தைக் கேட்கிறது. அடுத்த முறை கேட்கும்போது உங்கள் பில்லின் பிரதியோடு தமிழிலேயே எழுதி அனுப்புங்கள். இணைப்புக்கு எத்தனை மாதம் அலைந்தீர்கள் என்பதையும் அதில் சேர்த்து எழுதுங்கள்.

நன்றி, வணக்கம்.