சிரிப்பு யார் மேல் விழுந்தது?

வணக்கம் நேயர்களே. கோத்தகிரி பக்கத்து எஸ்டேட் லயங்களில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், முப்பது வருடமாக நாடகம் போட்டு வருகிறேன். மாரியம்மன் திருவிழா, பள்ளி ஆண்டு விழா, எங்கே கூப்பிட்டாலும் போவோம். அந்த மேடையில் கேட்ட ஒரு சிரிப்பைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள், வயதுவந்த இருவர் மனமொத்துச் சேர்வது, அவர்கள் ஒரே பாலினமாக இருந்தாலும், குற்றமில்லை என்று தீர்ப்புச் சொன்னார்கள். அடுத்த திருவிழாவுக்கு எங்கள் குழுப் பிள்ளைகள் அதை வைத்து ஒரு நகைச்சுவை நாடகம் எழுதினார்கள். மகன் ஆணை விரும்புகிறவன். அது தெரிந்த அப்பா, மந்திரிக்க ஒருவர், மருந்து கொடுக்க ஒருவர் என்று அலைகிறார். அப்பாவின் வெறுப்பைக் கேலி செய்ய வேண்டும், அதுதான் எண்ணம். நல்ல எண்ணம். நானும் சரி என்றேன்.

மகனாக நடித்த பையன் இடுப்பை ஒடித்து, கைக்குட்டையை விரலில் சுற்றிக்கொண்டு நுழைந்தான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. போனான், மறுபடி வந்தான், மறுபடி சிரிப்பு. அப்பா பேசிய வசனம் ஒன்றுகூட யார் காதிலும் ஏறவில்லை. நாடகம் அமோகம் என்று எல்லாரும் கைகொடுத்தார்கள்.

மறுநாள் காலை பஸ் ஸ்டாப்பில் நிற்கிறேன். பிளஸ் டூ படிக்கிற பையன் ஒருவன், மெல்லப் பேசுகிறவன். அவன் பின்னால் நாலு பேர் அதே நடை நடக்கிறார்கள். ஒருவன் விரலில் கைக்குட்டைகூட இருந்தது. பையன் புத்தகப் பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பனிமூட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் யாரை விரும்புகிறான் என்று யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அந்த நடையை அந்த நாலு பேருக்கும் சொல்லிக்கொடுத்தது நாங்கள். அதற்கப்புறம் அவன் அந்த பஸ்ஸில் வரவில்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இலங்கை மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள் எங்கள் பக்கம் நிறைய. அவர்களுடைய காமன் கூத்தில் ரதி வேஷம் கட்டுவது ஆண்தான். புடவை, பூ, கொலுசு, அதே நளின நடை. மன்மதன் எரிந்ததும் அந்த ரதி புலம்புகிறபோது சிரிக்கிறவர் யாரும் உண்டா? கிழவிகள் முந்தானையால் கண்ணைத் துடைக்கிறார்கள். அதே ஊர், அதே ஜனம். அப்படியென்றால் நடையில் சிரிப்பு இல்லை. சிரிப்பை அந்த நடையில் கொண்டுபோய் வைத்தவர்கள் நாங்கள். திரும்பவும் சொல்கிறேன், வைத்தது நாங்கள்.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. 2009-இல் ‘புரூனோ’ என்று ஓர் ஆங்கிலப் படம். சாஷா பேரன் கோகன் தன்பாலீர்ப்புள்ள ஆஸ்திரிய ஃபேஷன் நிருபராக வேஷம் போட்டு, நிஜ மனிதர்கள் முன்னால் போய் நின்று அவர்கள் வெறுப்பை வெளியே வரவழைத்தார். ஆனால் அந்த வேஷமே பழைய கேலிச் சித்திரத்தை இன்னும் கெட்டியாக்குகிறது என்று அமெரிக்காவில் கிளாட் என்ற உரிமை அமைப்பு கண்டித்தது. எங்கள் லயத்து மேடையில் நடந்ததும் அதுதான்.

நாடகத்தை மாற்றி எழுதினோம். மகன் ஃபேக்டரியில் நைட் ஷிப்ட் முடித்து வந்து, சோறு இருக்கிறதா என்று கேட்கிறான். அப்பாதான் துண்டை உதறித் தோளில் போட்டு, “ஆம்பளை நடைன்னா இப்படி” என்று வாசலில் மேலும் கீழும் நடந்து காட்டுகிறார். கொழுந்து மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்த அம்மா நின்று கேட்கிறாள்: “முப்பது கிலோவோட மேடு ஏறுறேனே, இது என்ன நடைங்க?” பெண்கள் பக்கமிருந்து எழுந்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. பழைய நாடகத்தைப் பார்த்த சிலர் மகன் நுழையும்போதே சிரிக்கத் தயாராக இருந்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

ஒரு நண்பர் கேட்டார், நளினமாக நடக்கிற ஆண்களே கிடையாதா, அவர்களை ஒளித்து வைக்கிறீர்களா என்று. நியாயமான கேள்வி. அடுத்த முறை இயல்பிலேயே அப்படி நடக்கிற ஒருவரையே மகனாக்கினோம். அவருக்குக் கோபம் இருந்தது, கடன் இருந்தது, அப்பாவோடு ரேஷன் கார்டு சண்டை இருந்தது. ஐந்து நிமிடத்தில் ஜனம் நடையை மறந்துவிட்டது.

நேரம் ஆகிவிட்டதென்று சைகை காட்டுகிறார்கள். சொற்களைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். தன்பாலீர்ப்பு உள்ளவர்களை ‘குணப்படுத்த’ முயல்வதை 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் தடுத்தது, அவர்களைக் குறிக்கும் மரியாதையான சொற்களின் பட்டியலைத் தமிழக அரசு 2022-இல் அரசிதழில் வெளியிட்டது, இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஆண்டு விழா நாடகம் தயாரிக்கும் ஆசிரியர்களே, ஒத்திகைக்கு நாலு பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். எந்த இடத்தில் சிரிக்கிறார்கள் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.