எச்.ஓ.ஏ. நிர்வாகக் குழு மின்னஞ்சலிலேயே முடிவெடுக்கலாமா? கலிஃபோர்னியா சட்டம் சொல்வது

வணக்கம். என் கையில் இருப்பது எங்கள் வளாகத்தின் பழைய கூட்டக் குறிப்பு ஒன்று. நான் கலிஃபோர்னியாவில், எங்கள் வீட்டு உரிமையாளர் சங்கத்தின், அதாவது நாம் எச்.ஓ.ஏ. என்று சொல்லும் அமைப்பின் நிர்வாகக் குழுவில் ஐந்து இயக்குநர்களில் ஒருவராக இருந்தபோது எழுதப்பட்டது. இதன் இரண்டாம் பக்கத்தில், நடைபாதை விளக்குகளை மாற்றும் ஒப்பந்தத்துக்கு இயக்குநர்கள் மின்னஞ்சல் வழியே ஒப்புதல் அளித்ததாக ஒரு வரி இருக்கிறது. அந்த வரியின் அடியில் நீல மையில் கோடு தெரிகிறதா? அதைப் போட்டவர் எதிர் வரிசையில் குடியிருக்கும், செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற ஓர் அம்மையார். இந்தத் தாளை அவர் என் வீட்டு வாசலுக்கே எடுத்து வந்து, "இது எந்தக் கூட்டத்தில் முடிவானது?" என்று கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. அந்த மின்னஞ்சல் வந்தபோது, மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவர வாகனத்திலேயே காத்திருந்தேன். மேலாண்மை நிறுவனத்தின் பணியாளர் விலைப்பட்டியலை இணைத்து, மாலைக்குள் பதில் வேண்டும் என்று எழுதியிருந்தார். எனக்கு முன்பே மூன்று பேர் சம்மதம் தெரிவித்திருந்தார்கள். நானும் "சம்மதம்" என்று ஒரே சொல்லை அனுப்பிவிட்டுக் கைப்பேசியை வைத்துவிட்டேன். நல்லெண்ணத்தோடுதான் செய்தேன், ஆனால் செய்தது சட்ட மீறல். அதை அந்த அம்மையார் கேட்ட பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

கலிஃபோர்னியாவில் இத்தகைய சங்கங்களை ஆள்வது 1985-இல் இயற்றப்பட்ட டேவிஸ்-ஸ்டெர்லிங் சட்டம். இன்று அது உரிமையியல் சட்டத் தொகுப்பின் 4000-ஆம் பிரிவிலிருந்து தொடங்குகிறது. நம் கேள்விக்கான விடை 4910-ஆம் பிரிவில் உள்ளது. நிர்வாகக் குழு கூட்டத்துக்கு வெளியே எந்த அலுவல் குறித்தும் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்றும், மின்னஞ்சல் உள்ளிட்ட மின்னணுத் தகவல்களை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பிக் கூட்டம் நடத்தக் கூடாது என்றும் அது நேரடியாகச் சொல்கிறது. மின்னஞ்சல் பற்றிய இந்தத் தடை 2012 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. இலாப நோக்கற்ற அமைப்புகளுக்கான பொதுச் சட்டம், இயக்குநர்கள் அனைவரும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் கூட்டமின்றியே முடிவெடுக்க இடம் தருகிறது, அதைக் காட்டி, "எல்லோருமே ஒப்புக்கொண்டோமே, பிறகென்ன?" என்று கேட்கும் இயக்குநர்களை நான் சந்தித்திருக்கிறேன். வீட்டு உரிமையாளர் சங்கங்களைப் பொறுத்தவரை அந்த வழியைத்தான் 4910 அடைத்துவிட்டது. ஐந்துக்கு ஐந்து என்று சம்மதம் வந்தாலும், சாதாரண அலுவலை மின்னஞ்சலில் முடிக்க முடியாது.

இந்தத் தடை எதைக் காக்கிறது என்பதை மற்ற பிரிவுகளோடு சேர்த்துப் படித்தால்தான் விளங்கும். கூட்டம் என்றால் பொதுவாக நான்கு நாள்களுக்கு முன்பே, நிகழ்ச்சி நிரலோடு, அறிவிப்புத் தர வேண்டும். நிரலில் இல்லாத பொருளைப் பேசுவதற்கு மிகச் சில விதிவிலக்குகளே உண்டு. உறுப்பினர் யாரும் வந்து உட்காரலாம். நியாயமான நேர வரம்புக்குள் எழுந்து பேசலாம். வழக்கு விவகாரம், பணியாளர் விவகாரம், உறுப்பினர் மீதான ஒழுங்கு நடவடிக்கை போன்றவற்றுக்கு மட்டுமே மூடிய அமர்வு. கூட்டக் குறிப்போ அதன் வரைவோ 30 நாள்களுக்குள் உறுப்பினர்களுக்குக் கிடைக்க வேண்டும். மாதாமாதம் பணம் கட்டும் குடும்பங்களுக்கு, முடிவு எடுக்கப்படுவதற்கு முன்பே அதைப் பற்றித் தெரிந்துகொண்டு ஒரு வார்த்தை சொல்ல இருக்கும் வாய்ப்பு இதுதான். ஐந்து பேர் தத்தம் கைப்பேசியில் "சம்மதம்" என்று தட்டும்போது, அறிவிப்பு, நிரல், பேசும் உரிமை ஆகிய மூன்றும் சத்தமில்லாமல் காணாமல் போய்விடுகின்றன.

அப்படியானால் இயக்குநர்கள் மின்னஞ்சலில் பேசிக்கொள்ளவே கூடாதா? சான் டியேகோ பகுதியில் உள்ள, பத்து மனைகள் மட்டுமே கொண்ட ஆல்ட்டா டெல் மார் என்னும் சிறிய குடியிருப்பைச் சேர்ந்த வழக்கொன்றில் இந்தக் கேள்வி மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை சென்றது. 2023-இல் வந்த தீர்ப்பு, குழு தன் அதிகாரத்துக்கு உட்பட்ட ஓர் அலுவலில் நடவடிக்கை எதுவும் எடுக்காமல் இயக்குநர்கள் மின்னஞ்சலில் கருத்துகளைப் பரிமாறிக்கொள்வது மட்டும் கூட்டம் ஆகிவிடாது என்றது; கூட்டம் என்பதற்கு ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் ஒன்றுகூடுவது என்று சட்டம் தரும் விளக்கத்தை நீதிபதிகள் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு இதில் முழு நிறைவு இல்லை. மின்னஞ்சலில் வாதங்களை எல்லாம் முடித்துவிட்டு, கூட்டத்துக்கு வந்து கையை மட்டும் தூக்கினால், உறுப்பினர் பேசுவதற்கு என்ன பொருள் இருக்கிறது? இருந்தாலும் தீர்ப்பு தீர்ப்புதான். கலந்து பேசலாம், வாக்களிக்கக் கூடாது என்பதே இன்றைய நிலை.

அவசரநிலைக்குச் சட்டம் கதவு திறந்தே வைத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இரவு முதன்மைக் குடிநீர்க் குழாய் வெடித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்கூட்டியே ஊகிக்க முடியாத, உடனே கவனிக்க வேண்டிய, அறிவிப்புத் தர நேரமில்லாத நிலை அது. அப்போது தலைவரோ, அவரைத் தவிர்த்த இரண்டு இயக்குநர்களோ அவசரக் கூட்டத்தை அழைக்கலாம். அந்தக் கூட்டத்தை மின்னஞ்சலில் நடத்தவும் செய்யலாம். ஆனால் இயக்குநர்கள் அனைவரும் அதற்கு எழுத்தில் இசைந்திருக்க வேண்டும், அந்த இசைவுகளைக் கூட்டக் குறிப்போடு கோத்து வைக்க வேண்டும். ஒருவர் மறுத்தாலும் மின்னஞ்சல் கூட்டம் இல்லை. விலைப்பட்டியல் வெள்ளிக்கிழமையோடு காலாவதியாகிறது என்பதெல்லாம் அவசரநிலை ஆகாது. எங்கள் விளக்கு விஷயத்தில் அந்தக் காரணமே சொல்லப்பட்டது.

வேறு மாநிலங்களில் இருக்கும் நண்பர்களுக்கும் ஒரு சொல். ஃபுளோரிடாவில் இயக்குநர்கள் மின்னஞ்சலில் பேசிக்கொள்ளலாம், வாக்கை மட்டும் அதில் செலுத்தக் கூடாது என்று சட்டமே எழுதி வைத்திருக்கிறது. டெக்சஸ் தாராளமானது: ஒவ்வோர் இயக்குநருக்கும் கருத்துச் சொல்லவும் வாக்களிக்கவும் நியாயமான வாய்ப்புத் தந்தால், கூட்டத்துக்கு வெளியே மின்னணு வழியில் முடிவெடுக்கலாம். ஆனால் அடுத்த கூட்டத்தில் அந்த முடிவை, ஆகும் செலவோடு சேர்த்து, வாய்மொழியாக எடுத்துச் சொல்லிக் குறிப்பில் ஏற்ற வேண்டும். அபராதம், கட்டண உயர்வு, சிறப்பு வசூல், வீட்டை ஏலத்துக்குக் கொண்டுபோகும் நடவடிக்கை போன்றவற்றை அங்கும் அப்படி முடிக்க இயலாது.

கூட்டம் கூடுவது கடினம் என்ற வாதம் கலிஃபோர்னியாவில் முன்பு போல எடுபடாது. 2024 ஜனவரி முதல், வாக்குச்சீட்டுகளை எண்ணும் கூட்டம் தவிர மற்றவற்றை முழுக்க இணையவழியிலேயே நடத்தலாம். எப்படி இணைவது, தடை ஏற்பட்டால் யாரை அழைப்பது என்பது அறிவிப்பில் இருக்க வேண்டும். தொலைபேசியில் சேரவும் வழி வேண்டும். இயக்குநர்களின் ஒவ்வொரு வாக்கும் பெயர் சொல்லிக் கேட்கப்பட வேண்டும். அரை மணி நேரக் கூட்டத்தை நான்கு நாள் அறிவிப்பில் வீட்டிலிருந்தே நடத்த முடிகிறபோது, மின்னஞ்சல் வாக்குக்கு என்ன தேவை என்று எனக்குப் புரியவில்லை. மீறினால், ஓராண்டுக்குள் உறுப்பினர் நீதிமன்றம் செல்லலாம். வென்றால் நியாயமான வழக்கறிஞர் கட்டணமும் செலவும் அவருக்குக் கிடைக்கும், சங்கத்துக்கு ஒவ்வொரு மீறலுக்கும் 500 டாலர் வரை தண்டம் விழலாம். அந்தப் பணம் நாம் கட்டும் மாதக் கட்டணத்திலிருந்துதானே போகும்?

அந்த அம்மையார் நீதிமன்றம் போகவில்லை. ஒப்பந்தத்தை அடுத்த கூட்டத்தின் நிரலில் சேர்த்து, முதலிலிருந்து விவாதிக்கச் சொன்னார், குழுவும் ஒப்புக்கொண்டது. ஆளுக்கு மூன்று நிமிடம் கொடுத்தோம். அவர் எழுந்து, முதல் இரண்டு கம்பங்களில் பொருத்திவிட்ட புதிய விளக்கின் வெள்ளொளி தம் படுக்கையறைச் சுவரில் விழுவதைக் கைப்பேசியில் எடுத்திருந்த படத்தைக் காட்டினார். சன்னல் சட்டங்களின் நிழல் சுவரில் கம்பி கம்பியாக நின்றது. அவரைப் பார்த்து, அதே வரிசையில் குடியிருக்கும் இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள். ஒப்பந்தக்காரரிடம் மஞ்சள் ஒளி விளக்கும், ஒளியைக் கீழ்நோக்கி மட்டும் விடும் மூடியும் கேட்டோம். விலையில் பெரிய வேறுபாடு இல்லை. ஐந்து பேரும் வாய் திறந்து வாக்களித்தோம். இந்தப் படக்கருவியைச் சற்றுத் திருப்புகிறேன். அதோ, சன்னலுக்கு வெளியே எரிவது அந்த விளக்குதான். அதற்கு நேர் பின்னால் இருட்டாகத் தெரிவது அவருடைய படுக்கையறைச் சன்னல்.