பழைய கேஸ் கிரில்லுக்கு மறுவாழ்வு

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கப் புறநகர்களில் கோடை முடிந்ததும் குப்பை வண்டிக்காக வாசலில் தள்ளிவைக்கப்படும் பொருள்களில், வீட்டுக்கு வெளியே வைத்து இறைச்சி வாட்டும் எரிவாயு அடுப்பான கேஸ் கிரில்லும் ஒன்று. ஒரு காலத்தில் பெரும் விலை கொடுத்து வாங்கப்பட்டதாக இருக்கும். ஆனால் மூடியெல்லாம் கரி, உள்ளே இற்றுப்போன தகடு, திருகினாலும் பற்றாத பர்னர் என்ற நிலையில், இனி இது உதவாது என்று வீட்டுக்காரர் முடிவு செய்துவிடுகிறார். உயர்தரக் கிரில்களைப் பொறுத்தவரை அந்த முடிவு பல நேரங்களில் அவசரமானது என்பதே என் உறுதியான கருத்து. அவற்றில் கெடுவது மாற்றத்தக்க உறுப்புகள்தான். உடல் கெடுவது அரிது.

எனக்கு நன்கு பழக்கமான ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். சிகாகோவில் மிதவைகள் செய்துவந்த உலோகப் பட்டறை ஒன்றில் பணியாற்றிய ஜார்ஜ் ஸ்டீபன், 1952-இல் மிதவைக் கோளத்தின் பாதியைக் கொண்டு மூடியுள்ள கரி அடுப்பு ஒன்றைச் செய்தார். அந்த வழியில் வளர்ந்த வெபர் நிறுவனம் 1985-இல் ஜெனிசிஸ் என்ற கேஸ் கிரில்லை வெளியிட்டது. அதுவரை கேஸ் கிரில்களில் பர்னருக்கு மேலே எரிமலைக் கற்களைப் பரப்புவது வழக்கம். கொழுப்பு அவற்றில் ஊறித் திடீரென்று தீப்பிடிக்கும். ஜெனிசிஸில் அந்தக் கற்களுக்குப் பதிலாகக் கூரைபோல மடிந்த தகடுகள் வந்தன. இறைச்சியிலிருந்து சொட்டும் கொழுப்பு சூடான தகட்டில் பட்டுப் புகையாகி மணம் தரும்; மிச்சம் சரிவில் வழிந்து கீழ்த்தட்டுக்குப் போய்விடும். அடுப்புப் பெட்டியின் முக்கியப் பகுதிகள் வார்ப்பு அலுமினியத்தால் ஆனவை என்பதால் துரு என்ற பேச்சுக்கே இடமில்லை. பர்னர், தகடு, கம்பித் தட்டு ஆகியவை இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. இந்த இரண்டும் சேர்ந்திருப்பதால்தான் பழைய ஜெனிசிஸைத் தேடிப் பிடித்துச் சீரமைப்பவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

வாங்குவதற்கு முன் மூடியின் பளபளப்பைப் பார்க்காமல், குனிந்து, கிரில்லைத் தாங்கும் சக்கர வண்டிச் சட்டத்தின் அடிப்பகுதியைப் பாருங்கள். வண்ணம் பூசிய அந்த இரும்புச் சட்டத்தில், சக்கரம் பொருந்தும் இடத்திலும் கீழ்த்தட்டு இணையும் இடத்திலும் தண்ணீர் தேங்கும். அங்கே திருப்புளி முனையால் அழுத்தும்போது உலோகம் உள்ளே போனால், அந்தக் கிரில்லை உதிரி உறுப்புகளுக்காக மட்டுமே எடுத்துச் செல்லலாம். முழுவதும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலால் ஆனது என்று விற்கப்படும் கிரில்லைச் சோதிக்கக் காந்தம் ஒன்றைக் கையில் வைத்திருங்கள். 304 ரகத்தில் காந்தம் அநேகமாக ஒட்டாது. விலை குறைந்த 430 ரகத்தில் நன்றாக ஒட்டும், அது வெளியில் நின்றால் துருவும் பிடிக்கும்.

எரிவாயு வரும் பாதையில் சிக்கனம் கூடாது. மிகப் பழைய கிரில்களில், இடப்பக்க மரையுள்ள பித்தளை நட்டை ஸ்பேனரால் முறுக்கிச் சிலிண்டரோடு இணைப்பார்கள். இப்போதுள்ள பெரிய பிளாஸ்டிக் நட்டைக் கையால் முறுக்கினாலே போதும். இணைப்புப் பகுதி மிகையாகச் சூடேறினால் வாயுவை நிறுத்தும் அமைப்பும், குழாய் அறுந்தால் ஓட்டத்தைக் குறைக்கும் அமைப்பும் அந்த இணைப்பிலேயே இருக்கின்றன. ஆகவே ரெகுலேட்டரையும் குழாயையும் சேர்த்தே புதிதாக மாற்றிவிட வேண்டும். சிலிண்டருக்கும் இது பொருந்தும்: அளவுக்கு மீறி நிரப்புவதைத் தடுக்கும் வால்வு இல்லாத சிறு சிலிண்டர்களை 2002 ஏப்ரல் முதல் அமெரிக்காவில் நிரப்பித் தருவதில்லை. முக்கோண வடிவக் கைப்பிடியைக் கொண்டு புதிய வால்வை அடையாளம் காணலாம்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. குழாய்வழி இயற்கை எரிவாயுவுக்காகச் செய்யப்பட்ட கிரில்லில் வாயு வெளிவரும் துளை பெரியது. ஒரே கன அளவில், சிலிண்டரில் வரும் புரொப்பேன் வாயுவுக்கு அதைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு வெப்பம் இருப்பதால், அந்தத் துளையோடு புரொப்பேன் சிலிண்டரை இணைத்தால் தீ கட்டுக்கடங்காது. துளையை நீங்களே பெரிதாக்குவதோ அடைப்பதோ வேண்டவே வேண்டாம்.

பர்னரைக் கழற்றியதும், காற்று நுழையும் வாயை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நீண்ட நாள் கிடந்த கிரில்களில் அங்கே சிலந்தி கூடு கட்டியிருக்கும். பஞ்சு போன்ற அந்தச் சிறு கூடு காற்றை மறித்தால் நீலச் சுவாலை மஞ்சளாகிச் சோம்பி எரியும். இன்னும் மோசமானால் தீ பின்னோக்கி வந்து திருகுக் குமிழுக்கு அடியில் பிடிக்கும். வளையும் மெல்லிய தூரிகையை உள்ளே விட்டுத் துடைத்தால் கூடு வந்துவிடும். பர்னரின் துளைகள் துருவால் ஒன்றோடொன்று சேர்ந்து அகன்றிருந்தால் சுத்தம் செய்து பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

மூடியின் உட்புறத்தில் கறுப்பாகச் செதில் செதிலாக உரிவதைப் பெயிண்ட் என்று பலர் எண்ணுகிறார்கள். அது புகையும் கொழுப்பும் சேர்ந்து இறுகிய கரி; பிளாஸ்டிக் கரண்டியால் சுரண்டிவிட்டு வெந்நீரும் சோப்பும் கொண்டு கழுவினால் போகும். காரச் சோடா கலந்த ஓவன் கிளீனரை வார்ப்பு அலுமினியத்தில் தெளித்துவிடாதீர்கள். அது அழுக்கோடு உலோகத்தையும் அரிக்கும். ஸ்டெயின்லெஸ் பரப்பை அதன் வரிகளின் திசையிலேயே தேய்க்க வேண்டும். சாதாரண இரும்பு நாரைத் தொடக் கூடாது, உதிரும் துகள்களே பிறகு துருப்புள்ளிகளாகும். கம்பித் தூரிகையின் முட்கள் உணவோடு வயிற்றுக்குள் போய்க் காயப்படுத்திய நிகழ்வுகளை அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2012-இல் வெளியிட்டிருப்பதால், தட்டைத் துலக்கியபின் ஈரத்துணியால் துடைப்பதைக் கட்டாயமாக்கிக்கொள்ளுங்கள்.

பழைய போல்ட்டுகள் அலுமினியத்தோடு பிணைந்து கிடக்கும். பலத்தைக் காட்டினால் தலை முறிந்துவிடும். ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு இரவு ஊறவைத்து, எண்ணெயைத் துடைத்தபின் சுற்றியுள்ள உலோகத்தைச் சற்றுச் சூடாக்கி, முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாகத் திருப்புங்கள். திரும்பப் பூட்டும்போது, மரை மீண்டும் இறுகிப் பிணையாமல் காக்கும் பிணைப்புத்தடுப்புப் பசையை (ஆன்டி-சீஸ்) அதில் தடவுங்கள்.

எல்லாம் பூட்டியபின், திருகுக் குமிழ்களை மூடிய நிலையில் சிலிண்டரைத் திறந்து, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நீரைத் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். தீக்குச்சியால் சோதிப்பது உயிரோடு விளையாடுவது. கசிவில்லை என்று உறுதியானதும், மூடியைத் திறந்துவைத்தே பற்றவையுங்கள். பற்றியபின் மூடிவிட்டு, புதுத் தகடுகளில் உள்ள எண்ணெய்ப் பிசுக்கு எரிந்துபோக அரைமணி நேரம் வெறுமனே எரியவிடுங்கள். அப்போது தீ மிகத் தாழ்வாகவே நின்றால் ரெகுலேட்டர் பழுது என்று உடனே கழற்ற வேண்டாம். சிலிண்டரை வேகமாகத் திறந்ததைக் கசிவு என்று எண்ணி, பாதுகாப்பு அமைப்பு ஓட்டத்தைக் குறைத்திருக்கலாம். எல்லாவற்றையும் மூடி, சில நிமிடம் பொறுத்து, இம்முறை சிலிண்டர் வால்வை மெதுவாகத் திறந்து, அதன்பிறகே பர்னரைத் திருகிப் பற்றவையுங்கள். நன்றி, வணக்கம்.