வளையல் இறுகினால் பிரஷர் பாருங்க! கொரோனாவுக்கும் கர்ப்பகால ரத்தக்கொதிப்புக்கும் என்ன சம்பந்தம்?

வணக்கம் மக்களே. 2021 மே மாசக் கடைசி. முழு ஊரடங்கு. தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் அக்காவுக்கு வளைகாப்பு. வீட்டு ஆட்களைத் தவிர யாருமில்லை. பக்கத்து வீட்டு அத்தைகூட அவர்கள் மாடியில் நின்றபடியேதான் வாழ்த்தினார். ஆயா ஒவ்வொரு கண்ணாடி வளையலாகப் போட்டுவிட்டார். அக்கா கையை அசைத்தால் கலகலவென்று வீடே கேட்கும்.

பதினைந்து நாள் போயிருக்கும். ஒரு காலையில் அக்கா காபி டம்ளரை வாங்கக் கை நீட்டினாள். சத்தமே வரவில்லை. மணிக்கட்டில் சதை இரண்டு பக்கமும் பிதுங்கி நிற்க, நடுவில் வளையல்கள் அழுந்திக் கிடந்தன. ஆயா சோப்புத் தண்ணீர் விட்டுக் கழற்றிப் பார்த்தார். ஒன்றுகூட நகரவில்லை.

பக்கத்தில் ஒரு கிளினிக்குக்குப் போனோம். பிரஷர் பார்க்காமலே, "மாசமா இருந்தா கை கால் வீங்கத்தான் செய்யும், உப்பைக் குறைச்சுக்கோங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அன்று ராத்திரி தலை பிளக்கிற மாதிரி வலி. கண் முன்னால் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் தெரிகிறது என்றாள். ஆட்டோ பிடித்து பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பிரஷர் 170க்கு 110.

அங்கே இருந்த டாக்டர் முதலில் கேட்ட கேள்வி எனக்கு இன்னும் மறக்கவில்லை: "நடுவுல கொரோனா வந்துச்சாம்மா?"

வந்தது. ஏப்ரலில் இரண்டு நாள் காய்ச்சல், நாலு நாள் வாசனை தெரியவில்லை, அவ்வளவுதான். ஆக்சிஜன் குறையவே இல்லை. சின்னதாக வந்து போனது என்று நாங்களே மறந்துவிட்டோம். நுரையீரலுக்கு வந்த நோயைப் பற்றி, வளையல் இறுகிப் போன கையைப் பார்த்து ஏன் கேட்கிறார்? அதைத்தான் இந்த வீடியோவில் பேசப்போகிறோம். வீட்டில் மாசமாக இருக்கிற பெண் யாராவது இருந்தால், அவரையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பாருங்கள்.

முதலில் பெயர். டாக்டர்கள் இதை ப்ரீ-எக்லாம்ப்சியா என்பார்கள். தமிழ்ப் புத்தகங்களில் முன்சூல்வலிப்பு. நம் தெருவில் 'கர்ப்ப பிரஷர்'. முற்றி வலிப்பு வந்துவிட்டால் பெரியவர்கள் 'ஜன்னி கண்டுடுச்சு' என்பார்கள். கர்ப்பம் 20 வாரத்தைத் தாண்டிய பிறகு பிரஷர் 140க்கு 90 அல்லது அதற்கு மேல் ஏறி, சிறுநீரில் புரதம் போனாலோ, கல்லீரல், சிறுநீரகம் மாதிரி உறுப்புகள் அடிவாங்கினாலோ அதுதான் இது. உலகத்தில் நூறு கர்ப்பிணிகளில் 2 முதல் 8 பேருக்கு வருகிறது. சரி, பெயர் போதும்.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

(திரையில்: தெருவோரக் கை பம்ப், வரிசையாகக் குடங்கள்)

வடசென்னையில் வளர்ந்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம், ஏனென்றால் நமக்குத் தண்ணீர் பைப்பைப் பற்றித் தெரியும். விடியற்காலையில் தண்ணீர் வரும். தெரு முனை வீட்டுக்கு நன்றாக வரும். தெருக் கடைசி வீட்டில் பம்பை அடித்து அடித்துத் தோள் கழன்றுவிடும்.

கர்ப்பப்பையில் நஞ்சுக்கொடி உட்கார்ந்திருக்கிறதே, அது ஒரு கடைசி வீடு. அங்கே ரத்தம் கொண்டுவருகிற குழாய்கள் சுருள் சுருளாக இருக்கும். சாதாரண நாட்களில் அவை மெல்லிசு. சுவரில் தசை இருக்கும், உடம்பு நினைத்தால் இறுக்கி ரத்தத்தை நிறுத்திவிடலாம். ஆனால் பிரசவ நேரம் நெருங்கும்போது நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் கர்ப்பப்பைக்குப் போயாக வேண்டும். மெல்லிசு குழாயில் அது எப்படி நடக்கும்?

குழந்தையின் பக்கத்திலிருந்தே ஆட்கள் கிளம்புகிறார்கள். நஞ்சுக்கொடியின் செல்கள் அம்மாவின் ரத்தக்குழாய்க்குள் ஊர்ந்து போய், சுவரில் இருக்கிற தசையைக் கரைத்து, குழாயைப் பல மடங்கு அகலமாக்குகின்றன. அதோடு வால்வையும் கழற்றி எறிந்துவிடுகின்றன. அதற்குப் பிறகு அம்மாவின் உடம்பே நினைத்தாலும் அந்தக் குழாயை மூட முடியாது! இன்னும் பிறக்காத, உள்ளங்கையில் அடங்கிவிடுகிற ஒரு குழந்தை, தன் தெருவுக்குத் தானே பைப் லைன் போட்டுக்கொள்கிறது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

சிலருக்கு இந்த வேலை பாதியில் நின்றுவிடுகிறது. குழாய் மெல்லிசாகவே இருக்கிறது. கடைசி வீட்டுக்குத் தண்ணீர் போதவில்லை. நம் தெருவில் தண்ணீர் போதாத வீட்டுக்காரர் என்ன செய்வார்? லைனில் மோட்டாரைப் போட்டு உறிஞ்சுவார். நஞ்சுக்கொடியும் அப்படி ஒரு வேலை செய்கிறது. எஸ்-ஃப்ளிட்-1 என்று ஒரு புரதத்தை அம்மாவின் ரத்தத்தில் கொட்டுகிறது. ரத்தக்குழாயின் உள்சுவரை நல்லபடியாக வைத்திருக்கும் வளர்ச்சிக் காரணிகளை அந்தப் புரதம் பிடித்து வைத்துக்கொள்கிறது. விளைவு, உடம்பு முழுக்க ரத்தக்குழாய்கள் இறுகுகின்றன, பிரஷர் எகிறுகிறது.

மோட்டார் போட்டால் பழைய ஜாயிண்ட் எல்லாம் விட்டுப்போகுமே, அதுவும் நடக்கிறது. ரத்தக்குழாய்ச் சுவர் கசிய ஆரம்பிக்கிறது. சிறுநீரகத்தில் கசிந்தால் சிறுநீரில் புரதம். தோலுக்கு அடியில் கசிந்தால் வீக்கம். அக்காவின் கையில் வளையலை இறுக்கியது அந்தக் கசிவு.

இந்தப் புரதத்தின் பங்கை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது 2003இல் பாஸ்டனில் இந்திய வம்சாவளி மருத்துவர் அனந்த் கருமாஞ்சி சேர்ந்திருந்த குழு. சினை எலிகளுக்கு இந்தப் புரதத்தை ஏற்றினார்கள். பிரஷர் ஏறியது, சிறுநீரில் புரதம் போனது. பெண்களுக்கு வருகிற அதே நோய்! ஒப்பீடு முழுசாகப் பொருந்தாது, நம் உடம்பு மெட்ரோ வாட்டர் லைன் கிடையாது. ஆனால் தொல்லை நஞ்சுக்கொடியில் ஆரம்பித்து அம்மாவின் உடம்பு முழுக்கப் பரவுகிறது என்பதுதான் மூல விஷயம். அதனால்தான் நஞ்சுக்கொடி வெளியே வந்தால்தான் இந்த நோய் தீர ஆரம்பிக்கும்.

சரி, கொரோனா எங்கே வருகிறது?

கொரோனா கிருமி செல்லுக்குள் நுழைய ஒரு கதவைப் பிடிக்கிறது. அதன் பெயர் ஏஸ்-2. அந்தக் கதவுக்கு இன்னொரு வேலையும் உண்டு: ரத்தக்குழாயை இறுக்குகிற ஒரு ஹார்மோனை உடைத்துப்போடுவது. கிருமி கதவைப் பிடித்துக்கொண்டால் உடைக்கிற வேலை குறையும், இறுக்கம் கூடும். நஞ்சுக்கொடியிலும் இந்தக் கதவு இருக்கிறது. போதாததற்கு, கொரோனா ரத்தக்குழாயின் உள்சுவரையே புண்ணாக்குகிற நோய். ஆய்வாளர்கள் முன்வைக்கிற விளக்கம் இதுதான்.

விளக்கம் கிடக்கட்டும், எண்ணிக்கை என்ன சொல்கிறது? 2020இல் 18 நாடுகளில் 43 ஆஸ்பத்திரிகளில், கொரோனா வந்த கர்ப்பிணிகளையும் வராதவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். மொத்தம் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள். கொரோனா வராதவர்களில் நூற்றுக்கு 4.4 பேருக்கு இந்தப் பிரஷர் நோய். வந்தவர்களில் 8.1 பேருக்கு. அப்புறம் 28 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து, ஏறக்குறைய 7 லட்சத்து 90 ஆயிரம் கர்ப்பிணிகளின் கணக்கைப் பார்த்தார்கள். கொரோனா வந்தவர்களுக்கு வாய்ப்பு சுமார் 60 சதவீதம் அதிகம். அறிகுறியே இல்லாமல் வந்து போனவர்களுக்கும் வாய்ப்பு கூடியிருந்தது. 'சின்னதாகத்தானே வந்தது' என்று நாங்கள் நினைத்தோமே, அந்த நினைப்புதான் தப்பு.

இதைக் கேட்டு யாரும் பயந்துவிடாதீர்கள். 8.1 என்றால் நூறு பேரில் 90 பேருக்கும் மேல் வரவில்லை என்றும் அர்த்தம். ஆனால் நம் பகுதியை நினைத்துப் பாருங்கள். 2020 கோடையில் சென்னையிலேயே கொரோனா அதிகமாக இருந்த மண்டலம் ராயபுரம். பத்துக்குப் பத்து வீட்டில் ஆறு பேர் இருந்தால் கர்ப்பிணியை எந்த மூலையில் தனியாக வைப்பது?

இன்னொரு விசித்திரமும் இருக்கிறது. பார்சிலோனாவில் 42 கர்ப்பிணிகளைக் கவனித்தார்கள், எல்லோருக்கும் கொரோனா. அதில் 8 பேருக்குக் கடுமையான நிமோனியா. அந்த 8 பேரில் 5 பேருக்கு இந்தப் பிரஷர் நோயின் அறிகுறிகள். ஆனால் நஞ்சுக்கொடிப் புரதத்தைச் சோதித்து, ரத்த ஓட்டத்தை ஸ்கேன் செய்தபோது, உண்மையான நோய் ஒருவருக்கு மட்டுமே தெரிந்தது. மற்றவர்களுக்கு வந்தது அச்சு அசலாக அதே மாதிரி இருந்த வேறொன்று. இரண்டு பேருக்கு நிமோனியா குணமானதும், பிரசவம் ஆகாமலே பிரஷரும் சரியாகிவிட்டது!

இது ஏன் முக்கியம்? உண்மையான நோய் என்றால் சில நேரம் குறைமாதத்திலேயே குழந்தையை எடுக்க வேண்டிவரும். போலி என்றால் காத்திருக்கலாம். அந்த ஒரு முடிவில் குழந்தைக்கு வயிற்றுக்குள் இன்னும் சில வாரம் கிடைக்கும். எஸ்-ஃப்ளிட் சோதனையை 2023இல் அமெரிக்கா அங்கீகரித்தது. இது நம் ஊர் அரசு ஆஸ்பத்திரி ஒவ்வொன்றுக்கும் இலவசமாக வர வேண்டும் என்பது என் ஆசை. உங்களுக்கும் அப்படித் தோன்றினால் கமெண்டில் எழுதுங்கள்.

தடுப்பூசி பற்றி ஒரே வரி: இந்தியாவில் கர்ப்பிணிகளுக்கு அனுமதி கிடைத்தது 2021 ஜூலை 2, அக்காவுக்கு அதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

அன்றைக்கு அக்காவைக் காப்பாற்றியது என்ன தெரியுமா? மெக்னீசியம் சல்பேட். நாட்டு மருந்துக் கடையில் பேதி உப்பு என்று விற்கிறார்களே, அதே உப்புதான்; ஊசியாகச் சுத்தம் செய்து ஏற்றுகிறார்கள். 2002இல் 33 நாடுகளில் பத்தாயிரம் பெண்களிடம் சோதித்ததில், வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தது. வாயில் போட்டால் வயிறுதான் போகும், வலிப்பு நிற்காது. யாரும் வீட்டில் முயற்சி செய்யாதீர்கள். ஊசி ஏறும்போது உடம்பெல்லாம் நெருப்பு ஓடுகிற மாதிரி இருந்தது என்று அக்கா சொல்வாள். மறுநாள் ஆபரேஷன். குழந்தை 1 கிலோ 400 கிராம்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியதற்கு வருவோம். முதல் பிரசவம், இரட்டைக் குழந்தை, அதிக எடை, சர்க்கரை, ஏற்கெனவே பிரஷர், அம்மாவுக்கோ அக்காவுக்கோ இது வந்திருந்தால், மூன்றாம் மாதத்திலேயே டாக்டரிடம் சொல்லுங்கள். தேவைப்படுகிறவர்களுக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரின் கொடுப்பார்கள். சரியான ஆட்களுக்குச் சரியான நேரத்தில் கொடுத்தால், 37 வாரத்துக்கு முன்பே வருகிற கடுமையான வகை பாதிக்கு மேல் குறைகிறது என்று 2017இல் வந்த பெரிய ஆய்வு காட்டியது. நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். உப்பைக் குறைத்தால் இந்த நோய் வராது என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் சாப்பாட்டில் கால்சியம் குறைவாக உள்ளவர்களுக்குக் கால்சியம் உதவுகிறது. காசிமேட்டு நெத்திலியை முள்ளோடு சாப்பிடுங்கள், கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரியில் தருகிற கால்சியம் மாத்திரையையும் அலமாரியில் வைத்துப் பூட்டாதீர்கள்.

பிரஷர் பார்க்கும்போது படி ஏறி வந்த மூச்சோடு கையை நீட்டாதீர்கள். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காருங்கள். கால் மேல் கால் வேண்டாம், பேச்சு வேண்டாம், கை நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். பார்த்த எண்ணை அட்டையில் எழுதச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். "எழுதுங்க சிஸ்டர்" என்று கேட்பது மரியாதைக்குறைவு ஆகாது.

விடாத தலைவலி, கண்ணில் மின்னல், வலது விலாவுக்குக் கீழே வலி, மூச்சு வாங்குவது, முகமும் கையும் திடீரென்று வீங்குவது. இவற்றில் ஒன்று வந்தாலும், கர்ப்ப காலத்தில் கொரோனா வந்திருந்தாலும் வராவிட்டாலும், அன்றைக்கே போங்கள். ராத்திரியாக இருந்தால் 108. பிள்ளை பிறந்துவிட்டது, இனி பயமில்லை என்று தாய்வீட்டில் படுத்துவிடாதீர்கள். பிரசவத்துக்குப் பிறகு ஆறு வாரம் வரைகூட இது வரலாம்.

கடைசியாக, 2020, 2021இல் இந்தப் பிரஷரோடு பிள்ளை பெற்ற அம்மாக்களுக்கு. பிள்ளை வளர்ந்துவிட்டது, நீங்களும் மறந்திருப்பீர்கள். இது வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் ரத்தக்கொதிப்பும் இதய நோயும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். வருஷத்துக்கு ஒரு தடவையாவது பிரஷர் பாருங்கள். போன வாரம் அக்காவை நான்தான் வண்டியில் உட்காரவைத்துக் கூட்டிப்போனேன். 128க்கு 82. டாக்டர் ஆறு மாசம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். மடியில் உட்கார்ந்திருந்த அவள் மகள், தன் கையையும் நீட்டி, "எனக்கும் கட்டுங்க" என்றாள். சிஸ்டர் சிரித்துக்கொண்டே பட்டையைச் சுற்றிவிட்டார்.